பால் இறங்காத செவ்வாய்க்கிழமை

அத்தியாயம் 6

செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் இருபது நிமிடமாக ஊர்ந்துகொண்டிருந்தது கார். அமலனுக்கு மூன்றாவது தடவையாகக் கொட்டாவி வந்தது. ஐம்பத்தேழு வயதில், காலை ஒன்பது மணிக்கே வருகிற கொட்டாவி தூக்கத்தால் வருவதல்ல என்று அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்யர்களைப் பிடித்தார். பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு பல் டாக்டரின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து, அதே பொய்யர்களை மறுபடி பிடிக்க ஆரம்பித்தார். அந்தக் களைப்புதான் இப்படி வாயைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது.

"அண்ணே, நீங்க கொட்டாவி விடுற வேகத்துல இந்த லாரி போனா நாம எப்பவோ கரங்கான் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றாள் ஷாமளா.

அவள்தான் ஓட்டினாள். தொழிற்சாலையில் பத்து வருடம் சூப்பர்வைசராக இருந்தவள். ஆட்குறைப்பில் வேலை போனதும் அமலனிடம் வந்தாள். அவளுடைய வாயைப் பொறுத்துக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் பிடித்தது. கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அமலனின் மடியில் இரண்டு தடித்த ஆய்வேடுகள் இருந்தன. ஒன்று அவருடைய கட்சிக்காரன் புவனேசன் எழுதியது. இன்னொன்றை எழுதியவன் தாய்லாந்தின் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவன். இருவரும் படித்தது ஒரே படிப்பு. சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியும் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்து நடத்தும் தகவல் தொழில்நுட்ப முதுகலைப் பட்டம். பாதிப் படிப்பு இங்கே, பாதி அங்கே. பட்டத்தில் இரண்டு முத்திரை.

இப்போது அந்த இரண்டு முத்திரைக்கும் இடையில் புவனேசன் மாட்டிக்கொண்டிருந்தான். ரப்பர் மரத்தில் நாளைக்கு எவ்வளவு பால் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள்தான் அவனுடைய ஆய்வு. தாய்லாந்துக்காரனின் ஆய்வும் அதேதான். தலைப்பு ஒன்றாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயம், அதாவது தோட்டத்தில் மூன்று வருடம் நாள்தோறும் எடுத்த பால் கணக்கும் மழை அளவும் உள்ள பகுதி, இரண்டு ஏட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. நாளை மாலை நான்கு மணிக்கு இரு நாட்டுப் பேராசிரியர்களும் திரையில் கூடி விசாரிக்கப் போகிறார்கள். திருடியவனுக்குப் பட்டம் கிடையாது. புவனேசனுக்கு விரிவுரையாளர் வேலையும் போகும்.

"நான் கைப்பட எடுத்த டேட்டா சார். கரங்கான்ல என் மாமா வேல செஞ்ச தோட்டத்துல" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தான். அமலன் அவனை நம்பினார். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார் என்பதுதான் சரி.

ஷாமளா முந்தாநாளே முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். தாய்லாந்துக்காரன் தன் ஊர்த் தோட்டத்தில் எடுத்த கணக்கு என்று எழுதியிருந்தான். ஆனால் ஏப்ரல் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து மூன்று நாளும் அந்தப் பட்டியலில் பால் வழக்கம்போல இறங்கியிருந்தது. "அது அவங்க ஊரு சோங்க்ரான் பண்டிகை அண்ணே. ஊரே ரோட்ல நின்னு தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கும். அன்னிக்கு எவன் பால் எடுக்க மரம் வெட்டுவான்?" என்றாள். அதோடு தாய்லாந்துக்காரனின் பொய் உடைந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பூஜ்ஜியம்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூலை பதினொன்று, செவ்வாய்க்கிழமை. அன்று தோட்டம் முழுக்க ஒரு சொட்டுப் பால் இல்லை. மழைக் கட்டத்திலும் பூஜ்ஜியம். மழை இல்லாத நாளில் வெட்டு ஏன் நின்றது? தாய்லாந்துக்காரன் அடிக்குறிப்பில் "பொது விடுமுறை" என்று எழுதியிருந்தான். அன்று அவன் நாட்டிலும் விடுமுறை இல்லை, இங்கேயும் இல்லை. புவனேசன் தன் ஏட்டில் ஒன்றும் எழுதவில்லை. போனில் கேட்டபோது சற்றுத் தயங்கி, "தோட்டத்துக் கோயில் திருவிழா சார்" என்றான்.

அந்தத் திருவிழாவை உறுதிசெய்து, கோயில்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் வழக்கு முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அமலனின் திட்டம் அவ்வளவுதான்.

கரங்கான் தோட்டத்துக் கோயிலின் செயலாளர் அய்யாவு, கோயில் வாசலில் தன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன். அமலன் செருப்பைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஜூலை பதினொன்னா?" அய்யாவு குழாயை மூடினார். "எங்க அம்மனுக்குத் திருவிழா சித்திரையில சார். இந்தத் தோட்டம் திறந்த காலத்துல இருந்து சித்திரைதான்."

"ஆடித் திருவிழா ஏதாச்சும்?"

"ஆடி எங்க சார் வந்துச்சு? ஆடி பொறக்கவே பதினேழாந் தேதி ஆவுது. பதினொன்னுன்னா ஆனி. ஆனியில எந்த மாரியம்மனுக்குத் தீ மிதி வெப்பாங்க?"

அமலன் மெதுவாகத் திரும்பி ஷாமளாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் அண்ணே பாக்குறீங்க?" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "நான் வெள்ளிக்கிழம மட்டும்தான் சாமி கும்பிடுறவ. செவ்வாய்க்கிழமைக் கணக்கு எனக்குத் தெரியாது லா."

"நான் சர்ச்சுக்குப் போறவன். உன்ன நம்பித்தானே வந்தேன்."

"இன்னொன்னு சார்" என்றார் அய்யாவு. "இங்க இப்ப வெட்டுறவங்க பூரா பங்களாதேஷ்காரங்க. தீபாவளிக்கே வெட்டு நிக்கிறதில்ல. நீங்க சொல்ற அன்னிக்கு இங்க பால் எறங்குச்சு. வேணும்னா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க."

அமலனுக்கு முழங்கால் வலித்தது. கோயில் படியில் உட்கார்ந்தார். கட்சிக்காரனின் பொய்யைத் தானே கண்டுபிடிக்கிற கணம் அவருக்குப் புதிதல்ல. பழைய வேலையில் மாதத்துக்கு ஒரு தடவை வரும். இந்தத் தடவை வராது என்று எப்படி நினைத்தோம் என்று தன்மேலேயே சலித்துக்கொண்டார்.

அய்யாவு குழாயை மறுபடி திறக்கப் போனவர் நின்றார். "செவ்வாய்க்கிழமைன்னா சொன்னீங்க? ரெண்டு வருஷம் முன்ன?"

"ஆமா."

"அன்னிக்கு நான் வேன் எடுக்கல. செர்டாங் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். ராமையா மண்டோர், அங்க ரப்பர் தோட்டத்துல கங்காணியா இருந்தவரு. எங்க வீட்டுக்காரிக்கு ஒரு வகையில அண்ணன் முறை." அவர் கையைத் துண்டில் துடைத்தார். "அங்க வெட்டு நின்னுச்சு சார். நான் கண்ணால பார்த்தேன்."

"ஒரு மண்டோர் செத்ததுக்கா? மேனேஜர் விட்டாரா?"

"மேனேஜர் எங்க நிறுத்தினாரு? வெட்டுற பங்களாதேஷ்காரங்களேதான் கத்தியக் கீழ வெச்சிட்டாங்க. நாப்பது பேரு. ஒருத்தன் பாக்கியில்லாம பொணத்துக்குப் பின்னால நடந்து வந்தாங்க. மத்த மண்டோருங்க அவங்கள 'டேய்'னுதான் கூப்பிடுவாங்க. ராமையா ஒவ்வொருத்தனையும் அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. அவ்வளவுதான் சார் விஷயம்."

காரில் ஏறியதும் ஷாமளா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம் அண்ணே. புவனேசன் தோட்டத்த மாத்திச் சொல்லிட்டானோ? மூணு வருஷம் தெனமும் போன எடத்தோட பேர மறக்கறது சகஜம்தானே?"

"வண்டிய எடு."

"நான் அவனுக்காக வாதாடுறேன். கூட ஆளே இல்லையே, பாவம்."

"எடு ஷாமளா."

மஹாங் தாண்டி, இருபக்கமும் செம்பனை நெருங்கி வந்த சாலையில் அரைமணிக்கு மேல் போனார்கள். செர்டாங்கில் ஒரு கடையில் கோப்பி குடித்தார்கள். அமலன் அந்தப் பூஜ்ஜியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்புறுதிக் காலத்தில் அவர் கற்றது ஒன்று உண்டு. உண்மையில் பார்த்தவன் காரணம் சொல்லத் தயங்கமாட்டான். பார்க்காதவன்தான் யோசித்துச் சொல்வான். போனில் புவனேசன் தயங்கிய அந்த ஒரு நொடியை அவர் அன்றைக்கே கேட்டிருந்தார். கேட்காதது மாதிரி இருந்துவிட்டார்.

ராமையா இருந்த தோட்டத்து ஆபீஸ் ஒரு பலகை வீடு. உள்ளே ஒரு மின்விசிறி, இரண்டு கணினி. கிராணி ஒரு பெண். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு இருக்கும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்றால் பேனாவும் பெரிய புத்தகமும்தான் அமலனுக்கு நினைவு வரும். இவளுடைய திரையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு பழைய நாளோட பால் கணக்கு பாக்கணும்மா" என்றார் அமலன். "ரெண்டு வருஷம் முன்ன, ஜூலை பதினொன்னு."

அவள் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை.

"அன்னிக்குப் பால் இல்ல சார்."

"பாக்காமலே சொல்றீங்களே?"

"எங்க அப்பாவ எடுத்த நாள்."

ஷாமளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அமலன் இரண்டு ஏடுகளையும் மேசைமேல் வைத்து மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார். அவள் குனிந்து படித்தாள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் அவளுடைய விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு இன்னொரு ஏட்டை இழுத்து அதே வரியைத் தேடி எடுத்தாள்.

"இந்த 'கேகே'ன்னா என்னன்னு எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

பட்டியலில் பால் எடுக்கும் பகுதிகளில் ஒன்றுக்கு, ஒரு வெட்டுக் காட்டுக்கு, அப்படிக் குறி போட்டிருந்தது. அமலன் புரட்டிப் பார்த்தார். "இவர் கரங்கான், கூலிம்னு எழுதியிருக்காரு. தாய்லாந்துக்காரர் அது ஒரு ரப்பர் ரகம்னு எழுதியிருக்காரு."

"கொரங்கு காடு சார்." அவள் சன்னலுக்கு வெளியே மேட்டைக் காட்டினாள். "பால் வாளிய கொரங்கு வந்து கவுத்துப் போடும். அதனால அங்க கணக்கு எப்பவும் கொறையும். தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆய்வுல அத எப்படி எழுதறதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு எழுத்து மட்டும் போட்டேன்."

அவள் பெயர் பிரேமாவதி. அதே கல்லூரி, அதே கூட்டுப் பட்டம். புவனேசனுக்கு முன்னால் சேர்ந்தவள். பகலில் கிராணி வேலை, வாரக்கடைசியில் வகுப்பு. அப்பா ராமையா தினமும் பால் நிறுத்து எண்ணிக்கை சொல்ல, அவள் கணினியில் ஏற்றினாள். அவர் போன பிறகும் ஒரு வருடம் விடாமல் கணக்கெடுத்தாள். படிப்பின் அடுத்த பாதிக்கு ஆறு மாதம் இங்கிலாந்து போக வேண்டும் என்று கடிதம் வந்தபோது, அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்பு ஆரம்பித்திருந்தது. கூட்டிப்போகவும் கொண்டுவரவும் அவளைத் தவிர ஆள் இல்லை.

"நின்னுடறேன்னு எழுதிக் கொடுத்தேன். படிப்பப் பாத்துக்கிற காளிதாசன் சார் ரொம்ப நல்லா பேசினாரு. எழுதினவரைக்கும் எல்லாத்தையும் எனக்கு அனுப்பிடும்மா, எப்ப வேணும்னாலும் திரும்பி வா, நான் பத்திரமா வெச்சிருக்கேன்னாரு."

"பத்திரமாதான் வெச்சிருந்திருக்காரு" என்றாள் ஷாமளா. "ரெண்டு நாட்டுல."

பிரேமாவதி சிரிக்கவில்லை. ஆனால் ஷாமளாவை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டர் காளிதாசன் அந்தக் கூட்டுப் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். புவனேசனை அமலனிடம் அனுப்பி வைத்தவரே அவர்தான். 'அந்தத் தாய்லாந்துக்காரன்மேல ஆதாரம் எடுங்க மிஸ்டர் அமலன், நம்ம பிள்ளைய விட்டுறக்கூடாது' என்று போனில் உருகியிருந்தார். அமலன் அந்த உருக்கத்தை இப்போது நினைத்துப் பார்த்தார். கோபம் வரவில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் உருகுகிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

வெளியே போய்ப் புவனேசனுக்குப் போன் செய்தார்.

"செர்டாங்ல இருக்கேன் தம்பி. கொரங்கு காட்டுக்குப் பக்கத்துல."

"புரியல சார்."

"அதுதான் பிரச்சினை. மூணு வருஷம் கணக்கெடுத்தவருக்குப் புரியணும்."

புவனேசனின் குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"காளிதாசன் சார்தான் கொடுத்தாரு. டிபார்ட்மெண்ட் டேட்டா, யாரும் கேக்க மாட்டாங்க, நீயே எடுத்ததா போட்டுக்கோன்னாரு. இந்த வருஷம் நாலு பேராச்சும் முடிக்கலன்னா இங்கிலாந்துக்காரங்க ஒப்பந்தத்த நிறுத்திடுவாங்க சார். எனக்கும் நேரம் இல்ல. மூணாவது அத்தியாயம் மட்டும்தான் சார். மத்தது எல்லாம் நான் செஞ்சது. சத்தியமா."

"தாய்லாந்துக்காரனுக்கு?"

"அவனுக்கும் சார்தான் சூப்பர்வைசர். எனக்கு இப்பதான் உறைக்குது."

"அந்த அத்தியாயத்த எழுதினவங்க உள்ள உக்காந்திருக்காங்க" என்றார் அமலன். "நாளைக்கு நான் பொய் சொல்லமாட்டேன். அதுக்குள்ள நீங்க என்ன செய்யறீங்கங்கிறது உங்க இஷ்டம்."

ஒன்றேகால் மணி நேரத்தில் புவனேசன் வந்து சேர்ந்தான். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஆபீஸ் வாசலில் சப்பாத்தைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். பிரேமாவதி அந்த நேரம் முழுக்க அவனுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தான்.

"எவ்வளவு தப்பு வருது?" என்று கேட்டாள் அவள்.

அவனுக்கு ஒரு கணம் கேள்வி விளங்கவில்லை.

"உங்க ப்ரோக்ராம் சொல்ற பாலுக்கும் உண்மையில எறங்கற பாலுக்கும். எத்தன சதவீதம்?"

"ஏழரை" என்றான் மெதுவாக.

"எனக்குப் பதினொன்னுக்குக் கீழ வரவே இல்ல. எட்டு மாசம் முட்டி மோதினேன்." அவள் பக்கத்தைத் திருப்பி அவன்முன் வைத்தாள். "மழைய மூணு நாள் தள்ளி எடுத்திருக்கீங்க. எனக்கு அது தோணல."

புவனேசன் உட்காரவில்லை. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தான். திட்டு வாங்க வந்தவனுக்கு அது கிடைக்காமல் போனால் அவன் நிலை இன்னும் மோசம் என்று அமலனுக்குத் தெரியும்.

"நாளைக்கு நானே சொல்லிடறேன்க்கா. உங்களுதுன்னு."

"நீங்க சொல்றத சொல்லுங்க. எனக்கு நானே பேசத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "மூணாவது அத்தியாயம் என்னோடது. அத நான் விட்டுக் கொடுக்க முடியாது. எங்கப்பா வெயில்ல நின்னு நிறுத்த பால் கணக்கு. அதனால உங்க பட்டம் போனா போகட்டும். ஆனா நாலாவது உங்களோடது. அதையும் நான் சொல்லுவேன். கேக்கலன்னாலும் சொல்லுவேன்."

அப்போதுதான் அமலனின் போன் அடித்தது. திரையில் டாக்டர் காளிதாசனின் பெயர். ஷாமளா எட்டிப் பார்த்தாள்.

"உருக வர்றாரு" என்றாள்.

அமலன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"மிஸ்டர் அமலன், அந்தக் கோயில் விஷயம் கெடச்சதா? நாளைக்கு எல்லாமே அத நம்பித்தான் இருக்கு."

"கெடச்சது டாக்டர். உங்ககூட ஒருத்தங்க பேசணுமாம்."

போனை மேசைமேல் வைத்தார். பிரேமாவதி அதை எடுக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"சார், நான் பிரேமாவதி பேசறேன். செர்டாங்ல இருந்து."

தொலைவில் அவருடைய அறையில் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?" என்றார் காளிதாசன்.

"இருக்காங்க சார். நாளைக்கு நாலு மணிக் கூட்டத்துக்கு நானும் வர்றேன். லிங்க் அனுப்புங்க."

"பிரேமா, இது நீ நெனைக்கிற மாதிரி இல்லம்மா. கொஞ்சம் சுசாவான, சிக்கலான விஷயம். நாம நேர்ல பேசி..."

"நீங்க அனுப்பலன்னா இங்கிலாந்துப் பக்கத்துப் பேராசிரியர்கிட்ட கேட்டு வாங்கிக்குவேன். அவங்க ஈமெயில் புவனேசன் ஏட்டுல முதல் பக்கத்துலயே இருக்கு. ஆனா நீங்க அனுப்பினா மரியாதையா இருக்கும் சார்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

புவனேசன் இப்போதுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஷாமளா சுவரில் சாய்ந்தபடி தன் போனில் மணியைப் பார்த்தாள். அமலனுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. என்றாலும் அவர் உட்காராமல் நின்றார்.

ஏழு நிமிடம் கழித்துக் காளிதாசனிடமிருந்து லிங்க் வந்தது.